ரயில் பாதைப் பராமரிப்பாளர் வேலைக்குத் தயாராவது எப்படி?

குறித்த நேரத்தில் எழுந்து, பழகிய வழியில் நடந்து, நேற்றுச் செய்த வேலையை இன்றும் குறைவின்றிச் செய்வதில் நிறைவு காண்பவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு நாற்காலி வேலைதான் ஏற்றது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். உடலும் உழைக்க வேண்டும் என விரும்புகிறவருக்கு அது பெரும் வேதனை. இந்திய ரயில்வேயின் பாதைப் பராமரிப்புப் பணியில் ஒழுங்கு, உடலுழைப்பு ஆகிய இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

முதல் படி: வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேங் எனப்படும் குழு, மேட் எனப்படும் குழுத் தலைவரின் கீழ் தனக்குரிய பகுதியில் ஜல்லியைச் சீராக்கி, தண்டவாளங்களைப் பராமரிக்கிறது. அனுபவம் பெற்றபின் கீமேன் ஆகிறவர், சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியும் ஏந்தி, தம் எல்லைக்குள் நாள்தோறும் நடந்து, கழன்ற கிளிப்புகளை அடித்துப் பொருத்துகிறார். கோடையில் தண்டவாளம் நீண்டு வளையலாம், குளிரில் சுருங்கி முறியலாம் என்பதால், ஒரே பாதையை அலுக்காமல் கூர்ந்து பார்க்கும் குணமே இங்குப் பெருந்தகுதி. மழைக்கால இரவு ரோந்தும் எதிர்பாராத அழைப்பும் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது.

இரண்டாம் படி: விருப்ப வரிசையை யோசித்து நிரப்புங்கள்

இது லெவல் 1 எனப்படும் தொடக்க நிலைப் பணி. இந்த நிலையிலுள்ள பணிகளில் எது முதலில், எது அடுத்து வேண்டும் என்று விண்ணப்பத்தில் வரிசைப்படுத்த வேண்டும். 7-ஆவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய். கல்வித் தகுதியையும் வயது வரம்பையும் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் தடம் மாறும் இடங்களில் வேலை செய்யும் பாயிண்ட்ஸ்மேன் பணியில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால், தூக்க நேரம் மாறினால் தளர்ந்துபோகிறவர்கள் அதை முதலில் குறிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெரம்பூர், பொன்மலை போன்ற பணிமனைகளின் உதவியாளர் பணியையும் இத்தகையவர்கள் கருத்தில் கொள்ளலாம்.

மூன்றாம் படி: எழுத்துத் தேர்வு

கணினி வழித் தேர்வில் 90 நிமிடங்களில் 100 கேள்விகள், தமிழிலும் எழுதலாம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். தரவரிசை இந்த மதிப்பெண்ணை வைத்தே அமைகிறது.

நான்காம் படி: உடல் தகுதித் தேர்வு

இதற்கு மதிப்பெண் இல்லை, தேறினால் போதும். ஆனால் வாய்ப்பு ஒரு முறைதான். ஆண்கள் 35 கிலோ எடையைக் கீழே வைக்காமல் 2 நிமிடங்களில் 100 மீட்டர் சுமக்க வேண்டும். 1000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடிக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு எடை 20 கிலோ. ஓட்டத்துக்கு 5 நிமிடம் 40 விநாடி.

ஓட்டத்தை மட்டும் பழகிவிட்டு, மூட்டையைத் தேர்வு நாளன்றுதான் முதன்முதலாகத் தொடுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வலுவான சாக்கில் 15 கிலோ மணல் நிரப்பித் தொடங்குங்கள். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி அமர்ந்து, மூட்டையை உடலோடு அணைத்துத் தோளேற்றிக் குறுகிய அடிகளாக நடங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். மூட்டை ஆடாமல் 100 மீட்டர் கடக்க முடிந்த பிறகே 2 அல்லது 3 கிலோ கூட்டுங்கள். வீட்டிலுள்ள 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிப் பார்த்தால், இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது விளங்கும்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, 400 மீட்டர் மைதானத்தில் இரண்டரைச் சுற்று என்று கணக்கிடுங்கள். ஆண்கள் ஒரு சுற்றை 102 விநாடியிலும் பெண்கள் 136 விநாடியிலும் முடித்தால் நேரம் சரியாக இருக்கும். முதல் சுற்றிலேயே பாய்ந்துவிடாமல், சீரான வேகத்தைக் கால்களுக்குப் பழக்குங்கள்.

ஐந்தாம் படி: மருத்துவப் பரிசோதனை

கண்ணாடி அணிவது பாதைப் பணிக்குத் தடையன்று. ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் பார்வை கட்டாயம். பல மாத உழைப்புக்குப் பிறகு இதை அறிந்து கலங்காமல் இருக்க, விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் நிறப் பார்வையைச் சோதித்துக்கொண்டு, குறை இருந்தால் அந்தத் தரம் தேவைப்படாத பணிகளை அறிவிக்கையில் தேடி வரிசையில் முன்னே வையுங்கள்.