நெல்லைச் சமையலறையில் ஓட்ஸ்: கஞ்சி முதல் கூட்டாஞ்சோறு வரை

ஓட்ஸை நோயாளியின் உணவாகவே பார்த்துப் பழகிய வீடுகள் திருநெல்வேலிப் பக்கம் ஏராளம். சர்க்கரை கூடிவிட்டது, கொழுப்பு ஏறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன மறுநாளே அது மளிகைப் பட்டியலில் இடம்பிடிக்கும். பாலில் வேகவைத்து, இனிப்பும் உப்பும் இல்லாமல் ஒரு வாரம் முகம் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தபின், பொட்டலம் ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டு அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். அதன் வழுவழுப்பை எப்படிக் கையாள்வது என்று தெரிந்துவிட்டால் இந்தத் தானியத்தோடு வேறு பெரிய சண்டை எதுவும் இல்லை.

அந்த வழுவழுப்புக்குக் காரணம் பீட்டா குளுக்கான் என்னும் நார்ச்சத்து. இது நீரில் கரைந்து பசைபோலாகும். குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதன் வழியாக இரத்தத்தின் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் என்னும் அளவை அடிப்படையாகக் கொண்டு, ஓட்ஸ் உணவுகளின் மேலுறையில் இதய நலம் குறித்துக் குறிப்பிட அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதி அளித்தது. அந்த 3 கிராம் ஏறக்குறைய 75 முதல் 80 கிராம் ஓட்ஸில், அதாவது ஒரு கப்பில், கிடைத்துவிடும். ஆகவே வழுவழுப்பை அடியோடு ஒழித்துவிட்டால் ஓட்ஸ் வாங்கியதன் பயனும் போய்விடும். குழைந்திருந்தால்தான் சுவை என்று நாம் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட பண்டங்களில் அதைச் சேர்ப்பதே நல்ல வழி. உதிரியாக இருக்கவேண்டிய பண்டமென்றால் மட்டும் வறுத்துப் பயன்படுத்தலாம்.

கடையில் மூன்று வகை கிடைக்கின்றன. முழுத் தானியத்தை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டியது ஸ்டீல் கட். ஆவியில் காட்டி அவலைப்போலத் தட்டையாக்கியது ரோல்டு. அதையே இன்னும் மெல்லியதாக்கியது இன்ஸ்டன்ட். வீட்டுக்கு ரோல்டு ஒரு பொட்டலமும் ஸ்டீல் கட் ஒரு பொட்டலமும் போதும். இன்ஸ்டன்ட் வகை கொதிநீர் பட்டதுமே கூழாகிவிடுவதால் கஞ்சியைத் தவிர வேறெதற்கும் உதவாது. மசாலா கலந்த சிறு பொட்டலங்களில் உப்பு அதிகம் என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேலுறையைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

முதலில் உளுந்தங்கஞ்சி. உளுந்தும் வழுவழுப்பானதே என்பதால் ஓட்ஸ் அதனுடன் வேற்றுமை தெரியாமல் கலந்துவிடும். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து கால் கப்பை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, கழுவி, அரை டீஸ்பூன் வெந்தயமும் ஏழெட்டுப் பல் நாட்டுப் பூண்டும் சேர்த்து, மூன்று கப் தண்ணீரில் குக்கரில் ஐந்து விசில் வைக்கவேண்டும். ஆவி அடங்கியதும் மத்தால் நன்றாக மசித்து, அரை கப் ரோல்டு ஓட்ஸையும் மேலும் ஒரு கப் வெந்நீரையும் ஊற்றி, சிறுதீயில் ஐந்து நிமிடம் கிளறினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 100 கிராம் கருப்பட்டியை அரை கப் தண்ணீரில் தனியே கரைத்து வடிகட்டியே சேர்க்கவேண்டும். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அடியில் மண் தங்கத்தான் செய்யும். கடைசியாகச் சுக்குப்பொடி, ஏலக்காய், ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகே ஊற்றவேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். நான்கு பேர் வயிறாரக் குடிக்கலாம். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மறந்து நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டாவது கிண்ணம் ஊற்றிவிடக்கூடாது. அவர்களுக்குக் கருப்பட்டியை விட்டுவிட்டு உப்பும் சீரகமும் போட்டு, எள்ளுத் துவையலைத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம். எனக்கு இந்த உப்புக் கஞ்சியே கூடுதல் விருப்பம்.

ஸ்டீல் கட் ஓட்ஸின் அருமை கூட்டாஞ்சோற்றில்தான் தெரியும். அது எவ்வளவு வெந்தாலும் நடுவில் சிறிது கடிபடும் பதம் மிஞ்சுவதால், குழைந்த பருப்பும் காய்களும் சூழ்ந்த சாதத்தில் அரிசியின் இடத்தை நன்றாகவே நிரப்புகிறது. ஒரு கப் ஸ்டீல் கட்டையும் அரை கப் துவரம்பருப்பையும் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, நான்கு கப் தண்ணீர், மஞ்சள்பொடி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்து குக்கரில் சிறுதீயில் நான்கு விசில் விடவேண்டும். ஓட்ஸ் நுரைத்துப் பொங்கி ஆவித்துளையை அடைக்கக்கூடும். எண்ணெய் சேர்ப்பது அதற்காகத்தான், குக்கரையும் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், கொத்தவரங்காய் ஆகியவற்றைத் தனிப் பாத்திரத்தில் உப்புப் போட்டு முக்கால் பதம் வேகவைத்த பிறகே எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து ஊற்றவேண்டும். புளி முன்னால் விழுந்தால் காய் வேக மறுக்கும். மாங்காய் கிடைக்கும் காலமென்றால் இரண்டு துண்டு போட்டுப் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். அரை மூடித் தேங்காய், ஒரு டீஸ்பூன் சீரகம், நான்கு மிளகாய் வற்றல், ஆறு சின்ன வெங்காயம் ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துக் காயோடு சேர்த்துப் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, வெந்த ஓட்ஸையும் பருப்பையும் அதில் கொட்டிக் கிளறவேண்டும். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை இறக்கும்போது தூவினால் போதும், சூட்டிலேயே வெந்துவிடும். கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலையோடு வெங்காய வடகத்தையும் பொரித்து மேலே கொட்டினால், அதில் இருப்பது அரிசியா ஓட்ஸா என்று சாப்பிடுகிறவர்கள் ஆராயமாட்டார்கள். ஆறினால் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்கவேண்டும்.

வெயில் காலத்துக்கு மோர் ஓட்ஸ். ரோல்டு ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் பதப்படுத்தப்படுவதால் அடுப்பில் ஏற்றாமல் ஊறவைத்தே உண்ணலாம். அரை கப் ஓட்ஸை முக்கால் கப் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் உப்பும் கட்டி மோரும் ஊற்றிப் பிசைந்து, சின்ன வெங்காயத்தையோ மோர் மிளகாயையோ கடித்துக்கொண்டு பழையதுபோல் சாப்பிடலாம். ஆனால் பழையசோற்றைப்போல இதை வெளியில் வைக்கக்கூடாது. சித்திரை, வைகாசி இரவுகளில் புளித்து வாடை வந்துவிடும், குளிர்ப்பெட்டியில்தான் வைக்கவேண்டும். அது இல்லாத வீட்டில் காலையில் அரை மணி நேரம் ஊறினாலே போதும்.

அடைக்கு ஓட்ஸை வறுத்துப் பொடிக்கவேண்டும். ஒரு கப் இட்லி அரிசி, அரை கப் துவரம்பருப்பு, அரை கப் கடலைப்பருப்பு, ஐந்தாறு மிளகாய் வற்றல் ஆகியவற்றை இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்த மாவில் ஒரு கப் ஓட்ஸ் பொடியைக் கலந்து, கால் மணி நேரம் விட்டால் அது தண்ணீரை உறிஞ்சி இறுகும். பிறகு தளர்த்திக்கொண்டு, நறுக்கிய வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து வார்க்கலாம். நடுவில் குழி போட்டு நல்லெண்ணெய் விடவேண்டும். தொட்டுக்கொள்ளப் புளிமிளகாய் இருந்தால் வேறொன்றும் வேண்டாம். உப்புமாவுக்கும் வறுத்த ஓட்ஸ்தான். ஒரு கப்புக்கு முக்கால் கப் தண்ணீருக்கு மேல் போனால் கெட்டது.

இட்லியில் ஓட்ஸைக் கலப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, கல்போலக் கனத்துவிடுகிறது. அல்வாவும் வேண்டாம். கோதுமைப்பால் திரண்டு தரும் கண்ணாடிப் பளபளப்பு ஓட்ஸ் பாலில் வராது, கையில் ஒட்டும் பசைதான் மிஞ்சும். தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்கு மட்டும் ஒரு விதிவிலக்குத் தரலாம்: வெந்த ஸ்டீல் கட் ஓட்ஸை வடிதட்டில் கொட்டிக் கஞ்சியை வடித்துவிட்டு, அதன்மேல் சொதியை ஊற்றி இஞ்சித் துவையலோடு உண்டால் நன்றாகவே இருக்கிறது. வடித்த கஞ்சியோடு பீட்டா குளுக்கானில் ஒரு பகுதி போய்விடும் என்பதால் அதைக் கீழே ஊற்றாமல் ரசத்தில் கலந்துகொள்ளலாம்.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் சாதாரண ஓட்ஸை நம்பக்கூடாது. வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும், குளுட்டன் (கோதுமையிலுள்ள புரதம்) இல்லை என்று மேலுறையில் அச்சிட்டதையே வாங்கவேண்டும். அரிசியைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம் என்பதால் நாளானால் காறல் வாடை வரும். பொட்டலம் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் பூஞ்சை பிடிப்பதற்கு அவ்வளவு நாள்கூட ஆகாது.