பைண்டிங் ஓட்டை கொம்பைத் தின்னாமல் இருக்க: வேர்டில் மார்ஜின் வைப்பது எப்படி?

போன ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் அல்சூர் பஜனைக் குழுவுக்காக ஒரு பாட்டுப் புத்தகம் தயார் செய்தேன். ஸ்பைரல் போட்டு வாங்கிப் பார்த்தால், வரித் தொடக்கத்தில் இருந்த கொம்பெல்லாம் ஓட்டையோடு போயிருந்தன. 'வெற்றிவேல்' 'வற்றிவேல்' ஆகிவிட்டது! மாமிகள் சிரித்துச் சிரித்தே பாடி முடித்தார்கள். "இடது பக்கம் கொஞ்சம் விட்டிருக்கலாமே சார்" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று மார்ஜினை 'நாரோ'வில் வைத்தது நான்தான். அதில் நான்கு பக்கமும் 1.27 செ.மீ. மட்டுமே கிடைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

மார்ஜினைத் தொடும் முன் தாள் அளவைப் பாருங்கள். 'லேஅவுட்' டேபில் 'சைஸ்' இருக்கும். வேர்ட் 2013 வரை இந்த டேபின் பெயர் 'பேஜ் லேஅவுட்'. 'லெட்டர்' என்றிருந்தால் 'ஏ4' ஆக்குங்கள். கடையில் இருப்பது ஏ4 தாள்தான். கடைசியில் மாற்றினால் எந்தப் பாட்டு எந்தப் பக்கத்தில் என்பதே கலைந்துபோகும்.

1. அதே டேபில் 'மார்ஜின்ஸ்' அழுத்துங்கள். 'நார்மல்' என்பது நான்கு பக்கமும் 2.54 செ.மீ., அதாவது 1 அங்குலம். கடிதம், ரெஸ்யூமே என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. பைண்டிங் உண்டென்றால், பட்டியலின் அடியில் உள்ள 'கஸ்டம் மார்ஜின்ஸ்' திறங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடிப்பதானால் 'லெஃப்ட்' கட்டத்தில் 3 செ.மீ. கொடுத்தால் போதும். ஜாக்கிரதை: சில கணினிகளில் கட்டம் அங்குலத்தில் இருக்கும். அங்கே வெறும் 3 போட்டால் ஏழரை செ.மீ. போய்விடும். எண்ணுக்குப் பின் ஆங்கிலத்தில் 'சிஎம்' என்று அடித்தால் வேர்டே மாற்றிக்கொள்ளும்.

3. இருபக்க அச்சுதான் பலரும் சறுக்கும் இடம். தாளைத் திருப்பினால் பைண்டிங் வலது பக்கம் வந்துவிடுகிறதல்லவா? அதனால் 'மல்டிபிள் பேஜஸ்' என்பதில் 'மிரர் மார்ஜின்ஸ்' தேர்ந்தெடுங்கள். லெஃப்ட், ரைட் மறைந்து 'இன்சைட்', 'அவுட்சைட்' வரும். இன்சைடில் 3, அவுட்சைடில் 2 வைப்பது என் வழக்கம். 'கட்டர்' என்பது பைண்டிங்குக்காகத் தனியாக விடும் இடம்; அந்தக் கட்டத்தில் போடும் அளவு மார்ஜினோடு கூடும். அதை 0 என்றே விடுங்கள்.

4. 'அப்ளை டு' என்பதில் 'ஹோல் டாக்குமென்ட்' இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுங்கள். 'செலக்டட் டெக்ஸ்ட்' என்றிருந்தால், தேர்ந்தெடுத்த பகுதி தனி செக்‌ஷனாகப் பிரிந்து புதுப் பக்கத்துக்குத் தாவிவிடும்.

லிப்ரே ஆபீஸ்காரர்களுக்கு 'ஃபார்மேட்', 'பேஜ் ஸ்டைல்', அப்புறம் 'பேஜ்' டேப். மிரருக்கு அங்கே 'மிரர்ட்' என்று பெயர்.

மார்ஜின் கூடினால் வரி குறுகும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால், இரு ஓரத்தையும் சீராக்கும் 'ஜஸ்டிஃபை' போட்ட வரிகளில் பல்லிடுக்கு மாதிரி இடைவெளி விழும். பாட்டு வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக வைப்பதே நல்லது.

கடைக்குப் பிடிஎஃப் ஆக எடுத்துப் போங்கள். அச்சிடும்போது 'ஃபிட்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லுங்கள். ஃபிட் கொடுத்தால் பக்கமே சுருங்கி, பார்த்துப் பார்த்து வைத்த அளவு மாறிவிடும். முதலில் ஒரே ஒரு தாளை இருபக்கமும் அடித்து, பழைய ஸ்பைரல் நோட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டை எதுவும் கொம்பைத் தொடவில்லை என்றால் மீதியை அடிக்கச் சொல்லலாம்.