பெயரில் உள்ள ஊரைத் தேடி ஒரு பைக் பயணம்: மூன்று பாபநாசங்களை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. ஆயினும் தந்தை பெயரின் முதலெழுத்துக்கு முன்னால் பூர்விக ஊரின் முதலெழுத்தையும் இடும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அந்த ஊர்ப்பெயரையே எழுதிவிடுவோரும் இருக்கிறார்கள். அதே பெயர் கொண்ட ஊர்களை எல்லாம் பைக்கில் சென்று பார்ப்பதற்கு எப்படித் திட்டமிடுவது என்பதைப் பாபநாசம் என்ற பெயரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன்.

படி 1: எந்த ஊர் என்பதை உறுதி செய்யுங்கள்

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர் பிறந்த ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1890இல் பிறந்த கர்நாடக இசைப் பாடலாசிரியர் பாபநாசம் சிவன்கூடப் பிறந்தது போலகம் என்ற ஊரில்தான். பழைய நிலப் பத்திரம், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றில் வட்டத்தின் பெயரும் சேர்ந்து கிடைக்கும்.

படி 2: ஒரே பெயர் கொண்ட ஊர்களைப் பட்டியலிடுங்கள்

இணைய வரைபடத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிய பிறகு, அஞ்சல் குறியீட்டுப் பட்டியலையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பெயரை ஏற்பது, எதை விடுவது என்ற விதியை இந்தக் கட்டத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். திருமலையில் பாபவிநாசம் என்றொரு தீர்த்தமும், வயநாட்டுத் திருநெல்லியில் பாபநாசினி என்ற நீரோடையும் உள்ளன. இவற்றை எல்லாம் சேர்த்தால் பயணம் முடிவே இல்லாமல் நீளும். எழுத்து மாறாமல் அதே பெயர் இருக்க வேண்டும் என்பது என் விதி. அதன்படி தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம், திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம், கேரளத்தின் வர்க்கலையில் உள்ள பாபநாசம் கடற்கரை ஆகிய மூன்றும் தேறுகின்றன.

படி 3: நாளைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான். வடகிழக்குப் பருவமழை டெல்டாவையும், தென்மேற்குப் பருவமழை கேரளத்தையும் நனைக்கும். ஆடி அமாவாசை அன்று நெல்லைப் பாபநாசத்தில் தாமிரபரணியிலும், கர்க்கடக வாவு என்ற பெயரில் அதே நாளில் வர்க்கலைக் கடற்கரையிலும் முன்னோருக்குத் திதி கொடுக்கப் பெருங்கூட்டம் திரளும்; வாகனம் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை செங்கோட்டைச் சாலை சபரிமலை வாகனங்களால் நெரிசல்படும். ஆகவே தை பிற்பாதியும் மாசியும்தான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகின்றன.

படி 4: வண்டியையும் ஆவணங்களையும் தயார்படுத்துங்கள்

125 சிசி வண்டியே போதும். இதற்கென்று பெரிய பைக் வாங்கத் தேவையில்லை. எஞ்சின் ஆயில், பிரேக், டயர் காற்று ஆகியவற்றைச் சரிபார்த்த பின் செயினைக் கவனியுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு 2 முதல் 3 செ.மீ. வரை ஆட்டம் இருக்கலாம், உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். பின்சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் இதையே செய்யுங்கள். ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தொய்ந்தால் செயின் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவை கைவசம் இருக்கட்டும். பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

படி 5: பாதையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தஞ்சைப் பாபநாசத்திலிருந்து தொடங்குங்கள். ஊரை ஒட்டிய திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயில் அப்பர் பாடிய தலம். அதன் வளாகத்தில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. கோயிலுக்கு வருவோரில் பலர் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை. நீங்கள் அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் வழியாக நெல்லைப் பாபநாசம் ஏறத்தாழ 400 கி.மீ. இதை ஒரே நாளில் ஓட்ட முயலாமல் மதுரையில் தங்கிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை.

நெல்லைப் பாபநாசத்தில் பாபநாசநாதர் கோயிலும் ஆற்றுப் படித்துறையும் எதிரெதிரே உள்ளன. குளித்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் படித்துறையைப் பாழ்படுத்தியிருக்கிறது; நாம் அதைச் செய்ய வேண்டாம். மேலே அகத்தியர் அருவியும் காரையாறு அணையும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருவதால், வனத்துறைச் சோதனைச் சாவடியில் அன்றைய அனுமதியையும் நேரத்தையும் கேட்டறிந்த பின்னரே செல்ல வேண்டும்.

அடுத்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாக வர்க்கலை ஏறத்தாழ 150 கி.மீ. தூரம் குறைவு என்றாலும் மலைப்பாதை உண்டு. இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடாமல், இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் எஞ்சின் பிடியோடு இறங்குங்கள். கழுத்துருட்டியில் சாலையை ஒட்டியே பதின்மூன்று கண் ரயில் பாலம் தெரியும். நின்று பார்க்க வேண்டுமானால் வளைவைத் தாண்டி நிறுத்துங்கள்.

படி 6: பெயர்ப்பலகைகளைப் பதிவு செய்யுங்கள்

தஞ்சைப் பாபநாசத்தில் ரயில் நிலையப் பலகை இருக்கிறது. நெல்லைப் பாபநாசத்துக்கு ரயில் நிலையம் இல்லை என்பதால் பேருந்தின் வழித்தடப் பலகையைப் படமெடுக்கலாம். வர்க்கலையில் பெயர் மலையாளத்தில் இருக்கும். மூன்றிலும் வண்டியும் பெயரும் ஒரே சட்டகத்துக்குள் வரட்டும். கடற்கரையில் நின்ற வண்டியில் உப்புக்காற்று படிந்திருக்கும். திரும்பும் முன் நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து, புதிதாக எண்ணெய் இடுங்கள்.