பின்பக்கம் அமிழும் பிக்கப்: ட்ரெயிலருக்காக ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் பைபர் படகொன்றை ஏற்றிய ட்ரெயிலரைப் பிக்கப்பில் கொளுவியதும் பின்பக்கம் அமிழ்ந்து, முன்பக்கம் நிமிர்ந்து, ஹெட்லைட் வெளிச்சம் தென்னை உச்சியைத் தொடுவதைக் கண்டால், உரிமையாளருக்கு முதலில் தோன்றும் எண்ணம் பின் ஸ்பிரிங்குக்கு இரண்டு பிளேட் (அடுக்கடுக்காக உள்ள வளைந்த இரும்புத் தகடு) கூடப் போட வேண்டும் என்பதே. அந்த எண்ணம் முழுப் பிழை அன்று. ஆனால் கண்ணுக்குத் தெரியும் தாழ்வை மட்டும் சரிசெய்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பாரத்தை அப்படியே விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

பாரம் எங்கே போகிறது என்பதை முதலில் கணக்காகப் பார்ப்போம். ஒரு மூடை 65 கிலோ வீதம் 20 மூடை நெல் 1,300 கிலோ. ட்ரெயிலரின் சொந்த நிறை 500 கிலோ என்று கொண்டால் மொத்தம் 1,800 கிலோ. ட்ரெயிலர் ஆடாமல் வருவதற்கு அதன் மொத்த நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையான பங்கு, பிக்கப்பையும் ட்ரெயிலரையும் இணைக்கும் கொளுவியின் பந்தின் மீது அழுத்த வேண்டும் என்பதால், இங்கே சுமார் 200 கிலோ பந்தில் இறங்குகிறது. பிக்கப்பின் முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் இடைத்தூரம் 3 மீற்றர், பந்து பின் அக்சிலுக்கு 1.2 மீற்றர் பின்னால் இருக்கிறது என்றால், பின் அக்சிலின் மீது 200 அல்ல, 280 கிலோ கூடுகிறது. மேலதிகமான அந்த 80 கிலோ முன் அக்சிலிலிருந்து பறிக்கப்பட்டது. ஸ்டியரிங் இலேசாகிவிட்டது என்றும், வளைவில் வாகனம் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்றும் சாரதிகள் சொல்வது இதைத்தான்.

கூடுதலாகப் போடும் பிளேட்டோ, ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பொருத்தும் காற்றுப்பையோ இந்த 80 கிலோவை முன்னுக்குத் திருப்பித் தருவதில்லை. அவை பின்பக்கத்தை உயர்த்துகின்றன. வாகனம் மட்டமாக நிற்கிறது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிகிறது. பாரத்தை முன்னுக்குத் தள்ளக்கூடியது, இரு நீண்ட இரும்புத் தண்டுகளைக் கொண்டு பாரத்தைப் பகிரும் வகைக் கொளுவி மட்டுமே. அதைப் பொருத்துவோர் முன் சக்கர வளைவின் உயரத்தை ட்ரெயிலர் கொளுவுவதற்கு முன்னும் பின்னும் அளந்து, நிமிர்ந்த உயரத்தில் குறைந்தது பாதியாவது மீண்டும் இறங்கும்வரை தண்டுகளை இறுக்குவது வழக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கிறவல் பாதைகளில் ஆழமான குழிகளையும் வரம்புகளையும் தாண்டும்போது அத்தண்டுகளைக் கழற்றிவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் கொளுவியும் சேசியும் (வாகனத்தின் அடிச்சட்டமும்) முறுக்குண்ணும்.

நிறையை அறியாமல் வேலையைத் தொடங்குவது அடுத்த தவறு. நமது பகுதியில் இதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. லொறிகளை ஏற்றி நிறுக்கும் தராசு பெரிய அரிசி ஆலைகளில் இருக்கிறது. பிக்கப்பின் முன் சக்கரங்களை மட்டும், பின்னர் பின் சக்கரங்களை மட்டும், பின்னர் ட்ரெயிலரை மட்டும் ஏற்றி நிறுத்தால் மூன்று எண்கள் கிடைக்கும். அவற்றைக் கையேட்டில் உள்ள அக்சில் எல்லைகளோடு ஒப்பிட வேண்டும். ஸ்பிரிங்கைப் பலப்படுத்தியதால் அந்த எல்லைகள் கூடிவிடுவதில்லை. அக்சில், பெயாரிங், பிறேக், சேசி எல்லாம் பழையவைதானே. பந்தின் மீதான பாரத்தை வீட்டிலுள்ள ஆள் நிறுக்கும் தராசாலும் அறியலாம். ஒரு பலகையின் ஒரு முனையைக் கல்லின் மீதும் மறு முனையைத் தராசின் மீதும் வைத்து, கல்லிலிருந்து பலகை நீளத்தின் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் ட்ரெயிலரின் கழுத்தை (பந்தில் மாட்டும் முனையை) இறக்கினால், தராசு காட்டும் எண்ணின் மும்மடங்கே பாரம்.

காற்றுப்பைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவற்றால் நேரும் கேடு செலவு மிக்கது. பிளேட் ஸ்பிரிங் தன் இரு முனைகளிலும் சேசியைத் தாங்குகிறது. அக்சிலுக்கு நேர் மேலே வைக்கும் காற்றுப்பையோ அந்த இரு முனைகளுக்கும் நடுவே ஒரே இடத்தில் சேசியை மேலே தள்ளுகிறது. பின்னால் ட்ரெயிலர் கீழே இழுக்க, நடுவில் பை மேலே தள்ள, குழியொன்றில் விழுந்தெழும் கணத்தில் சேசி அவ்விடத்தில் வளைந்துவிடலாம். டபுள் கெப் வாகனங்களில் பெட்டி முழுவதையும் நிரப்பி, ட்ரெயிலரையும் கொளுவி, காற்றையும் உச்சமாக அடித்து ஓடுவோர் இந்த ஆபத்தைத் தாமே தேடிக்கொள்கிறார்கள். இரு பைகளையும் ஒரே குழாயால் இணைப்பதும் தவறு. வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடி, சாய்வை அதிகமாக்கும்.

எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவதும், நான் மிகவும் அஞ்சுவதும் பிறேக் வால்வு பற்றியது. பல பிக்கப்களில் பின் பிறேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று சேசியில் இருக்கிறது. அதிலிருந்து விரல் தடிப்புள்ள ஒரு தண்டு பின் அக்சிலுக்குப் போகிறது. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழும்போது தண்டு மேலெழுந்து, பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். பிளேட் சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், பாரம் ஏற்றிய வாகனத்தையும் வெறும் வாகனம் என்றே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். எனது பழைய பிக்கப்பில் இரண்டு பிளேட் சேர்த்த அடுத்த கிழமை, மழையில் செங்கலடிச் சந்திக்குச் சற்று முன்னால் பிறேக்கை மிதித்தபோது, முன் சக்கரங்கள் இறுகி வழுக்கின. பின்பக்கம் பிடித்ததாகவே தெரியவில்லை. வீடு வந்து கீழே படுத்துப் பார்த்தேன். அந்தத் தண்டு முழுவதும் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பிடியைப் புதிய உயரத்துக்கேற்ப மாற்ற யாருக்கும் நினைவு வரவில்லை. ஸ்பிரிங் வேலை முடிந்ததும் இதையும் ஹெட்லைட் மட்டத்தையும் பார்க்காமல் கராஜை விட்டு வெளியேறக் கூடாது.

ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கி, தேய்ந்த சொக் அப்சோபரை அப்படியே விடுவதும் பரவலான வழக்கம். கடினமான ஸ்பிரிங் அமுங்கி எழும் வேகத்தைப் பழைய சொக் அடக்காது. வேகத்தடை ஒன்றைத் தாண்டிய பின் வாகனம் மூன்று நான்கு முறை துள்ளும், ட்ரெயிலரும் கூடவே துள்ளும். ரயரின் தாங்குதிறனையும் பார்க்காமல் விடுகிறார்கள்: பக்கச் சுவரில் உள்ள பாரச் சுட்டெண் 104 என்றிருந்தால் ஒரு ரயர் தாங்குவது 900 கிலோ, 112 என்றிருந்தால் 1,120 கிலோ. பல பிக்கப்களின் கையேடுகள், பிறேக் இல்லாத ட்ரெயிலருக்கு 750 கிலோவையே எல்லையாகச் சொல்கின்றன. மேலே கணக்கிட்ட 1,800 கிலோ ட்ரெயிலருக்குச் சொந்த பிறேக் இல்லையென்றால் எந்த ஸ்பிரிங்கும் அதற்கு மருந்தாகாது.

மகாஓயா வழியே பதுளைப் பக்கம் ஏறி இறங்குவோர் பாரத்தை ட்ரெயிலரின் பின்முனையில் குவிக்காமல், அச்சுக்குச் சற்று முன்னால் இருக்குமாறு அடுக்க வேண்டும். பின்பாரம் கொண்ட ட்ரெயிலர் இறக்கத்தில் வாலாட்டத் தொடங்கினால், ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாமல் நேராகப் பிடித்து, அக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். ட்ரெயிலர் பிறேக்கைத் தனியே இயக்க முடிந்தால் அதை மட்டும் பிடிக்கலாம்.

பொருத்தும் வேலையில் நேரும் இரு பிழைகளும் உண்டு. பிளேட்டின் முனைகளிலுள்ள றப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வாகனம் ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் றப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். சக்கரங்கள் தரையில் நின்ற பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். அக்சிலைப் பிளேட்டோடு பிணைக்கும் யு வடிவப் போல்ட்டுகளுக்குப் புதியனவற்றையே போட்டு, ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். படகு இறக்குவோர், ட்ரெயிலரின் சக்கரக் குடம் சூடாக இருக்கும்போது வாவியில் இறக்காமல் சற்று ஆறவிட வேண்டும். சூடான குடம் சட்டெனக் குளிரும்போது உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிப் பெயாரிங்கைக் கெடுக்கும். மேலேறியதும் பிளேட்டுகளின் இடுக்குகளில் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினால், அங்கு தங்கும் உப்பு மணல் பிளேட்டைத் தின்பது குறையும்.