ஜிஎஸ்டி பதிவும் இரண்டு கதவு எண்களும்

வீட்டிலேயே துணிப்பை தைத்து வெளி மாநிலத்துக்கும் விற்கலாம் என்று ஜிஎஸ்டி பதிவுக்கு விண்ணப்பித்தேன். சில நாளில் ஆர்இஜி-03, அதாவது விண்ணப்பத்தில் விளக்கம் கேட்கும் நோட்டீஸ்: 'தொழில் இடத்துக்கான ஆவணம் பொருந்தவில்லை'. என்ன பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

வீடு அம்மா பெயரில். அம்மாவின் சம்மதக் கடிதமும் கரண்ட் பில்லும் கொடுத்திருந்தேன். ஸ்கேன் தெளிவில்லையோ என்று மறுபடி ஏற்றி பதில் போட்டேன், விண்ணப்பமே நிராகரிக்கப்பட்டது. அப்புறம் புதிதாகப் போட்டு, சம்மதக் கடிதத்தை முத்திரைத்தாளில் நோட்டரி செய்து கொடுத்தும் அதே நோட்டீஸ்.

எல்லாத் தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கரண்ட் பில்லில் பழைய கதவு எண், படிவத்தில் புதிய எண் மட்டும். சென்னையில் பல தெருக்களில் இப்படித்தான், ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. சொத்து வரி ரசீதில் மட்டும் இரண்டு எண்ணும் அம்மா பெயரும் சேர்ந்து இருந்தன.

ஆனால் ரசீதை இணைத்தால் மட்டும் போதாது. ஆர்இஜி-04 பதில் படிவத்தில் விண்ணப்பத்தைத் திருத்த வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும், பலரும் 'இல்லை' கொடுத்து ஆவணத்தை மட்டும் ஏற்றிவிடுகிறார்கள். 'ஆம்' கொடுத்தால்தான் முகவரிக் கட்டம் திறக்கும். அதில் புதிய எண், பழைய எண் இரண்டையும் ரசீதில் உள்ளபடியே அடித்து, சம்மதக் கடிதத்திலும் அதே முகவரியை எழுதி, ரசீதை இணைத்து அனுப்பினேன். நோட்டீஸ் வந்த 7 வேலை நாளுக்குள் பதில் போய்விட வேண்டும்.

பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டது. அப்பாடா! அடுத்து வங்கியில் நடப்புக் கணக்கு, அதற்கும் இதே முகவரிதான்.