உப்ப குறைக்கிறீங்களா, படிப்படியா குறைங்க, ஹார்மோனையும் கொஞ்சம் நெனச்சுக்கோங்க

பிரஷர் இருக்கு, உப்ப குறைங்கன்னு டாக்டர் சொல்லிட்டா போதும், நம்ம பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் மறுநாளே கஞ்சிலயும் உப்பு கிடையாது குழம்புலயும் கிடையாது, பெரியவங்க ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு தட்ட தள்ளி வச்சிருவாங்க, ஒரு வாரத்துல பழைய கதைதான். தயவுசெஞ்சு இப்படி ஒரேயடியா நிறுத்தாதீங்க. நாக்குக்காக மட்டும் சொல்லல, உள்ள ஓடுற ஹார்மோனுக்காகவும்தான் சொல்றேன்.

சோடியம் குறைஞ்சா கிட்னிக்கு உடனே தெரிஞ்சிரும், ரெனின்ங்கிற என்சைம ரத்தத்துல விடும் (இத 1898லயே முயல் கிட்னில இருந்து எடுத்து கண்டுபிடிச்சிருக்காங்க). அது லிவர் அனுப்புற ஒரு புரோட்டீன வெட்டும், அப்புறம் முக்கியமா நுரையீரல் ரத்தக்குழாய்ல இருக்குற ஏசிஇ என்சைம் அத ஆஞ்சியோடென்சின் 2 ஆ மாத்தும். வேலையெல்லாம் இதோடதுதான், ரத்தக்குழாய இறுக்கும், கிட்னி மேல இருக்குற அட்ரினல் சுரப்பிய ஆல்டோஸ்டிரோன் விட வைக்கும், ஆல்டோஸ்டிரோன் சோடியத்த யூரின்ல போக விடாம பிடிச்சு வச்சு பொட்டாசியத்த வெளிய தள்ளும். ரொம்ப கடுமையா திடீர்னு குறைச்சா, ரத்தக்குழாய இறுக்குற நார்அட்ரினலின்ங்கிற ஹார்மோனும் கூட ஏறும். மிதமா, பைய பைய குறைச்சா இந்த ஏத்தம் சின்னதுதான், பிரஷரும் இறங்கும், அதனால பயந்து விட்டுராதீங்க.

மொதல்ல வீட்டு அளவ பாருங்க. வளர்ந்தவங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்கு கம்மியா போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, தலை தட்டின ஒரு டீஸ்பூன். நாலு பேர் இருக்குற வீட்ல ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வரணும், பிரிக்கிற அன்னைக்கு பாக்கெட் மேலயே தேதிய எழுதி வைங்க, எப்ப தீருதுன்னு பாத்தாலே உண்மை தெரிஞ்சிரும். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, போடுற உப்புல கால் பங்குக்கும் கம்மியான அளவ மட்டும் குறைச்சுட்டு வாங்க, நாக்கு தானா பழகிக்கும், புளி, எலுமிச்சை, மிளகு, சின்ன வெங்காயம் எல்லாம் கொஞ்சம் தூக்கலா போட்டா இன்னும் ஈசி.

ஆனா நம்ம ஊர்ல நெறய உப்பு இந்த பாக்கெட்ல இருந்து வராது, கஞ்சிக்கு தொட்டுக்குற உப்பு மாங்கா, ஊறுகா, பப்படம், கருவாடு இதுலதான் ஒளிஞ்சிருக்கு. கருவாட்ட சுடுதண்ணில ஊறவச்சு, தண்ணிய ரெண்டு மூணு தடவ மாத்தி, குழம்புல தனியா உப்பே போடாம வைங்க. கடைல வாங்குற பாக்கெட்ல சோடியம் எவ்ளோன்னு போட்டிருக்கும், அத ரெண்டரையால பெருக்குங்க, அதான் உப்போட அளவு.

இத மட்டும் ரொம்ப கவனமா படிங்க. பேர் 'ப்ரில்'னோ 'சார்ட்டன்'னோ முடியுற பிரஷர் மாத்திரை, ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் மாதிரி, மேல சொன்ன அதே சங்கிலியத்தான் தடுக்குது. உப்ப குறைச்சா அந்த மாத்திரை இன்னும் நல்லா வேலை செய்யும், அதனால டாக்டர்கிட்ட சொல்லிட்டு குறைங்க, டோஸ் மாத்த வேண்டி வரலாம். லோ சோடியம் உப்புன்னு விக்கிறதுல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், இந்த மாத்திரை சாப்பிடுறவங்க, ஸ்பைரோனோலாக்டோன் (ஆல்டோஸ்டிரோன தடுக்குற மாத்திரை) எடுக்குறவங்க, கிட்னி கோளாறு உள்ளவங்க அத தானா வாங்கி போடவே கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்பே தடுமாறும்.

இந்துப்புக்கு மாறலாமான்னு நெறய பேர் கேக்குறாங்க. அதுலயும் சோடியம் கிட்டத்தட்ட அவ்ளோவேதான், பெரும்பாலும் அயோடின் சேத்திருக்க மாட்டாங்க, தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேணும், அதனால கம்மியா போட்டாலும் அயோடின் உப்பே போடுங்க.

மார்ச், ஏப்ரல்ல நம்ம பாலக்காட்டு சித்தூர் வயல்ல வேலை செய்றவங்க, கள்ளு இறக்க மரம் ஏறுறவங்க வேர்வைலயே உப்ப இழக்குறாங்க, அந்த மாசத்துல புதுசா கறாரா ஆரம்பிக்க வேண்டாம். எந்திரிச்சா தலை சுத்துது, கால் குரக்களி பிடிக்குது, வயித்தால போகுதுன்னா அன்னைக்கே உக்காந்தும் நின்னும் பிரஷர் பாத்துட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.