பெயர் மாறிய கோப்பும் நின்றுபோன மெர்ஜும்

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் இரண்டு கிளைகளை, அதாவது தனித்தனியே வளர்ந்த இரண்டு பதிப்புகளை, மெர்ஜ் செய்தபோது (ஒன்றாக இணைத்தபோது), ஒரு கோப்பு இந்தப் பக்கம் நீக்கப்பட்டது, அந்தப் பக்கம் திருத்தப்பட்டது என்று கான்ஃபிளிக்ட் (முரண்பாடு) காட்டி நின்றது. உண்மையில் யாரும் அதை நீக்கவில்லை. எங்கள் கிளையில் பெயரை மாற்றி, உள்ளே பாதிக்கும் மேல் திருத்தி எழுதியிருந்தோம்.

இதே வகை மென்பொருளான மெர்க்குரியலில், பெயர் மாற்றம் கமிட்டிலேயே (சேமிக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவிலேயே) பதிவாகும். கிட் அப்படி எதையும் எழுதி வைப்பதில்லை. பெயர் மாற்றும் 'கிட் எம்வி' (git mv) கட்டளையைக் கொடுத்தாலும் பழையதை நீக்கிப் புதியதைச் சேர்த்ததாகத்தான் கணக்கு. ஒப்பிடும் நேரத்தில் உள்ளடக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறது. இயல்பான வரம்பு 50% ஒற்றுமை. அதற்குக் கீழே போனால் வேறு கோப்பு என்றே எடுத்துக்கொள்ளும்.

மெர்ஜை அபார்ட் செய்துவிட்டு (பாதியில் கைவிட்டு), அந்த வரம்பை மாற்றும் 'ஃபைண்ட்-ரீநேம்ஸ்' (find-renames) அளவை 30% ஆக்கி மறுபடி ஓட்டினேன். மறு கிளையின் திருத்தங்கள் புதுப் பெயருள்ள கோப்பிலேயே சரியாக வந்து சேர்ந்தன. வரம்பை இறக்கினால் சம்பந்தமில்லாத கோப்புகளும் ஜோடி சேரலாம். அதனால் உடனே கமிட் ஆகாமல் நிறுத்தும் 'நோ-கமிட்' (no-commit) போட்டு, டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) பார்த்த பிறகே கமிட் செய்தேன்.

பெயர் மாற்றத்தைத் தனி கமிட்டாக வையுங்கள் என்று பலர் சொல்வார்கள். 'கிட் லாக் ஃபாலோ' (git log --follow) கட்டளை மூலம் கோப்பின் வரலாற்றைத் தேட அது நிச்சயம் உதவும். மெர்ஜுக்கு அது மட்டும் போதாது. மெர்ஜ் பார்ப்பது இரு கிளைகளின் பொது மூதாதையையும் (இரண்டும் பிரிந்த கமிட்) இரண்டு முனைகளையும் (கடைசி கமிட்கள்) மட்டுமே. நடுவில் உள்ள கமிட்கள் கணக்கில் வராது. அந்தப் பெயர் மாற்றக் கமிட்டை முதலில் மெர்ஜ் செய்து, மீதியைப் பிறகு மெர்ஜ் செய்தால்தான் பலன் கிடைக்கும்.